மல்லாட்டை ஓட்டில் ஒரு துளை

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. மகளிர் குழுவில்கூடக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துவிடுவேன். அதனால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னோடு பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தவர்களே, இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நீங்கள் எனக்கு வைத்த பெயர் எனக்கு மறக்கவில்லை. கோணக்கழுத்து. உங்களில் சிலர் செத்தும் போய்விட்டீர்கள், பெயர் மட்டும் ஊரில் இருக்கிறது. என் மருமகள் வந்த புதிதில் அவளிடம்கூட யாரோ அதைச் சொல்லித்தான் என் வீட்டுக்கு வழி காட்டினார்களாம்.

போன மாசி மாதம் என் மகன் என்னை விழுப்புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணில் திரை விழுந்திருக்கும் என்று அவனுக்கு எண்ணம். பெரிய கூடம், இரும்பு நாற்காலிகள், மருந்து நெடி. சுவரில் சிவப்பு விளக்கில் டோக்கன் நம்பர் மாறிக்கொண்டே இருந்தது. எனக்கு நம்பரைப் பார்ப்பதைவிட, நம்பரைப் பார்க்கிறவர்களைப் பார்ப்பதுதான் பிடித்திருந்தது. ஒருவர் கண்ணை இடுக்கினார். ஒரு அம்மாள் கண்ணோரத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். காலேஜ் படிக்கிற மாதிரி இருந்த ஒரு பெண் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். எழுபது வயது வரைக்கும் நான் ஒருத்தி மட்டும் செய்துகொண்டிருந்ததாக நினைத்த காரியத்தை அந்தக் கூடமே செய்துகொண்டிருந்தது.

உள்ளே கண்ணைச் சோதிக்கிற பெண் சின்ன வயதுக்காரி. பேச்சைக் கேட்டால் கண்டமங்கலம் பக்கம் போல இருந்தது. எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னாள். நான் வழக்கம்போலச் சாய்த்தேன். கரண்டி மாதிரி கறுப்பாக ஒன்றை எடுத்து என் கண்முன்னே வைத்தாள். அதில் குட்டிக் குட்டியாகத் துளைகள்.

"இதும் வழியா பாருங்க பாட்டி. இப்ப தெரியுதா?"

எழுத்தெல்லாம் விறைத்து எழுந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் பாட்டி சிரிக்கிறீங்க?"

"இது எங்கிட்ட இருந்துச்சும்மா. சின்னப் புள்ளையில. மல்லாட்டை ஓட்டுல."

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்று அவளுக்குத் தெரியும், அதன் ஓட்டில் இது எப்படி என்றுதான் புரியவில்லை. எப்படிப் புரியும்? உங்களுக்கே தெரியாது.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டி இருப்பதால், அப்போது பாதை நெடுகத் தந்திக் கம்பிகள் ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீங்களெல்லாம் கம்பியில் உட்கார்ந்திருக்கிற கரிச்சான் குருவியைக் கல்லால் அடிப்பீர்கள். எனக்குக் கம்பம் நன்றாகத் தெரியும், நட்டுவைத்த மாதிரி. கம்பி மட்டும், சிலேட்டில் போட்ட கோட்டை யாரோ ஈர விரலால் இழுவிவிட்ட மாதிரி தெரியும். கரிச்சான் அதில் ஒட்டிய ஒரு அழுக்கு. தலையைச் சாய்த்துக் கண்ணை இடுக்கினால் அந்த அழுக்குக்கு வால் முளைக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், அதைச் சரிசெய்துகொள்ள மற்றவர்களுக்குத்தான் சோம்பல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கிடையாது. நீளப் பலகைகள் தரையில் கிடக்கும். மாதப் பரீட்சை முடிந்ததும் வாத்தியார் இடம் மாற்றுவார். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு முன்பலகை. மக்குகளுக்குக் கடைசிப் பலகை, சுவரோரம். முன்னால் உட்காருவது மரியாதை, சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பார். அவருக்கு அது ஒரு ஒழுங்கு. ஊரிலும் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்குக் கரும்பலகை தெரியாமல் மார்க் குறையும். மார்க் குறைந்ததால் ஒரு பலகை பின்னால் போவேன். பின்னால் போனதும் இன்னும் தெரியாது. இப்படியே ஐந்தாம் வகுப்பில் என் முதுகு சுவரில் முட்டிக்கொண்டது. அதற்குமேல் தள்ள இடம் இருந்திருந்தால் தெருவில்தான் உட்கார்ந்திருப்பேன்.

முன்பலகையில் எப்போதும் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டிலிருந்துதான் வாத்தியாருக்கு மத்தியானம் மோர் போகும். அதனால் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே அவளுக்கு முன்பலகை. அவளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் எனக்கு ஒரு கனவு இருந்தது. திண்டிவனத்தில் இருந்த அத்தை, ஐந்தாம் வகுப்பு பாஸ் பண்ணிவிட்டால் என்னைத் தன் வீட்டில் வைத்து ஆறாம் வகுப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அவர் வீட்டு மாடத்தில் எனக்கென்று ஒரு இடம்கூட ஒதுக்கி, உன் புத்தகத்தை இங்கே வைத்துக்கொள் என்று காட்டியிருந்தார். சுண்ணாம்பு அடித்த வெள்ளை மாடம். ஊரில் படுத்துக் கண்ணை மூடினால் எனக்கு அந்த மாடம் தெரியும். கண்ணை மூடினால் எல்லாமே தெளிவாகத் தெரியும் என்பது என் விஷயத்தில் உண்மை.

அம்மாவுக்கோ என் கழுத்துதான் கவலை. தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். மேலண்டைத் தெருவில் ஒருவர் இருந்தார், தாய் வயிற்றிலிருந்து காலை முதலில் நீட்டிக்கொண்டு பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் கால் பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. சுற்றுப்பட்டில் மாட்டுக்குச் சுளுக்கினால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாரா வாரம் என்னைக் குப்புறப் படுக்கப் போட்டு, விளக்கெண்ணெய் தடவி, அவர் குதிகாலால் கழுத்தை அழுத்துவார். வேப்பமரப் பட்டை மாதிரி வெடித்த குதிகால். மண் வாசனையும் எண்ணெய் வாசனையும் என் மூக்கில் ஏறும். எழுந்ததும், "இப்ப நேரா பாருடி" என்பார் அம்மா. நேராகப் பார்ப்பேன். அம்மாவின் முகத்தில் வாய் இழுவிக்கொண்டு தெரியும். மறுபடி சாய்ப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அதுவும் பலிக்காமல், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காதே, தலையில் வைத்துக்கொண்டு வா, கழுத்து தன்னால் நிமிரும் என்றார். நான் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தலையையும் சாய்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மார்கழி கடைசியில் மல்லாட்டை பிடுங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் களத்தில் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்வோம். பச்சைக் காயின் பால் வாசனை, விரலிடுக்கில் செம்மண், சூடு அடங்காத களத்து மண்ணில் உட்கார்ந்தால் பாவாடை வழியாக ஏறுகிற கதகதப்பு. அப்படி ஒரு சாயங்காலம் பூச்சி துளைத்த காய் ஒன்று என் கையில் வந்தது. உடைத்தேன். பருப்பு இல்லை. பாதி ஓட்டில் மட்டும் ஊசியால் குத்தின மாதிரி வட்டமாக ஒரு துளை. விளையாட்டாக அதைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

ரயில் பாதைக் கம்பி தெரிந்தது. இழுவாத கம்பி. அதன்மேல் கரிச்சான். வால் இரண்டாகப் பிளந்திருந்தது. கரிச்சானுக்கு வால் பிளந்திருக்கும் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். களத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவின் மூக்குத்தியில் கல் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூடை நிறையாததற்கு அன்றைக்கு அடி வாங்கினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பூச்சி அரித்த ஓடுகளாகப் பொறுக்கினேன். துளை பெரிதாக இருந்தால் தெளிவு வரவில்லை என்று தெரிந்ததும், நல்ல ஓட்டில் கருவேல முள்ளால் நானே குத்தினேன். பாவாடை முடிச்சில் எப்போதும் ஒன்று இருக்கும்.

அப்படி ஒருநாள் கணக்கு வகுப்பில், கடைசிப் பலகையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணில் ஓட்டை வைத்துப் பார்த்தேன். கரும்பலகை பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி அருகே வந்தது. வாத்தியார் போட்ட கணக்கு அத்தனையும் சிலேட்டில் ஏறியது. அத்தனையும் சரி. அவர் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரைப் பார்த்து எழுதினாய் என்றார். என் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கணக்குகூடச் சரி இல்லை. அது அவருக்கு உறைக்கவில்லை.

சில நாள் அப்படியே போனது. மார்க் ஏறியது. இன்னும் ஒரு பரீட்சை நடந்திருந்தால் நடுப் பலகைக்கு வந்திருப்பேன். அதற்குள் அவர் ஒருநாள் எழுதிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார். நான் ஓட்டை இறக்குவதற்குள் பார்த்துவிட்டார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. வயதுக்கு வரப்போகிற ஒரு பெண், கையில் மல்லாட்டை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி அவரைப் பார்க்கிறாள். வந்து ஓட்டைப் பிடுங்கி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். நொறுக் என்ற அந்தச் சத்தம். அப்புறம் வகுப்புக்கே கேட்கிற மாதிரி, "எனக்கே கண்ணடிக்கிறியா?" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். முன்பலகைக்காரியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. ஒரு பெண்பிள்ளைக்கு அப்போது அந்த ஒரு சொல் போதும். மறுநாள் அப்பா என்னைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சண்டைக்குப் போகவில்லை. என் மகள் படிக்கிறவளா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள், திண்டிவனம் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவுபண்ண வேண்டும் என்றார். வாத்தியார் நியாயமானவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நீங்களே கண்ணால் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார். என்னைச் சுவரோரம் நிறுத்தினார்.

நான் முடிச்சிலிருந்து இன்னொரு ஓட்டை எடுத்தேன்.

"அத்த கீழ போடு," என்றார்.

போட்டேன். தலையைச் சாய்த்தேன். அவர் வந்து இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து நிமிர்த்தினார். அவர் கையில் சாக்பீஸ் தூள். என் கன்னத்தில் ஒட்டியது.

"நேரா பாத்து படி."

வரிகள் ஒன்றின்மேல் ஒன்று இழுவிக்கொண்டு கிடந்தன. உங்களுக்குத் தெரியும், நான் வாயே திறக்காதவள். பள்ளிக்கூடத்தில் நான் சத்தமாகச் சொன்ன பேச்சு அது ஒன்றுதான்.

"தலைய வுடுங்க சார். படிக்கிறேன்."

அவர் விடவில்லை. விட்டிருந்தால் படித்திருப்பேன். அந்த இரண்டு வரியும் எனக்கு இன்றைக்கும் தெரியும். அவர் எழுதி முடிப்பதற்குள் தலையைச் சாய்த்து முதல் பார்வையிலேயே படித்துவிட்டிருந்தேன். மழை பெய்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் நெல் விளையும். அவ்வளவுதான். ஆனால் அது ஏற்கெனவே பார்த்தது. நேராகப் பார்த்துப் படி என்கிறார். நேராகப் பார்த்தால் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நிமிர்த்திப் பிடித்த தலையோடு சும்மா நின்றேன்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பாவிடம். "படிப்பு ஏறலிங்க. கழுத்தையும் கண்ணையும் ஆட்டத்தான் தெரியுது. ஊட்டோட வெச்சிக்கோங்க."

அப்பா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் ரயில் கேட் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், "அத்தைக்கு ஆள் சொல்லி வுட்டுர்றேன்," என்றார். திண்டிவனத்து வெள்ளை மாடத்தில் அப்புறம் அத்தை வெற்றிலைப் பெட்டியை வைத்துக்கொண்டார்.

வருஷக் கடைசி வரை வகுப்பில் உட்கார்ந்தேன். அதன்பின் போகவில்லை. மல்லாட்டைக் காட்டுக்குப் போனேன், நாற்று நடவுக்குப் போனேன். ஆனால் ஒன்று செய்தேன். கழுத்தை நிமிர்த்தவில்லை. மேலண்டைத் தெருக்காரர் மிதிக்க மிதிக்க இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நேராக உட்காரடி என்று அம்மா கெஞ்சினார். சாய்த்துத்தான் உட்கார்ந்தேன். வருகிறவனை நான் பார்க்க வேண்டாமா? கல்யாணத்தில் போட்டோக்காரர் வந்து தலையை நிமிர்த்திவிட்டுப் போனார். அவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்ததும் சாய்த்துக்கொண்டேன். அந்தப் படம் இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் விறைப்பாக நிற்கிறார். நான் ஒருத்திதான் அந்தப் படத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

துளைக் கரண்டியை எடுத்துவிட்டு அந்தப் பெண் ஒரு கனமான வெற்றுக் கண்ணாடிச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினாள். அதற்குள் ஒரு வட்டச் சில்லைச் செருகினாள். கொஞ்சம் தெளிந்தது. நான் தலையைச் சாய்க்கப் போனேன். இப்போது நிமிர்த்துவாள் என்று என் கழுத்து தன்னால் விறைத்துக்கொண்டது. அவள் என் தலையைத் தொடவில்லை. சட்டத்தின் ஓரத்தில் இருந்த சின்னத் திருகைத் திருகினாள். தலை சாயாமல் சில்லு சாய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே, "இப்ப? இப்ப?" என்றாள். ஓரிடத்தில் வந்ததும் கோடெல்லாம் கோடாக நின்றது.

நேராக உட்கார்ந்துகொண்டு கடைசிக்கு முந்தின வரியைப் படித்தேன். நேராக.

இது இன்னா நோய் என்று கேட்டேன். நோய் இல்லை பாட்டி என்றாள். கருவிழி உருண்டையாக இருப்பதற்குப் பதில் ஒரு பக்கம் கொஞ்சம் அழுத்தின மாதிரி இருக்கிறதாம். அதனால் ஒரு பக்கத்துக் கோடு தெளிவாகவும் மறு பக்கத்துக் கோடு கலங்கலாகவும் தெரியுமாம். இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னாள், எனக்கு வாயில் வரவில்லை. சிலிண்டர் பவர் என்று சொன்னால் கண்ணாடிக் கடைக்காரனுக்குப் புரியும் என்றாள். பெரும்பாலும் சின்ன வயதிலேயே இருக்கும், உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றாள்.

"எனக்கு மட்டுமாம்மா?"

அவள் சிரித்தாள். "உங்களுக்கு மட்டுமா? கார்த்தாலருந்து நான் பாத்தவங்கள்ல இது கொஞ்சங்கூட இல்லாதவங்களத்தான் பாட்டி தேடணும். எனக்கே இருக்குது." தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள்.

நான் வெளியே வந்து அந்தக் கூடத்தை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் ஒரு குரல் என்னைக் கூப்பிட்டது. நீங்கள் வைத்த பெயரைச் சொல்லி இல்லை, என் சொந்தப் பெயரைச் சொல்லி. முன்பலகைக்காரி. திண்டிவனத்தில் படித்து டீச்சராகி, ரிடையராகி, விழுப்புரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். மூக்கில் தடித்த கண்ணாடி. பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் என்ன என்றேன்.

"சின்னதுலருந்தே சிலிண்டர் பவர்டி. டீச்சர் ட்ரெயினிங்ல கடைசி வரிசைல உக்கார வெச்சாங்க, போர்டே தெரியல. அப்பதான் கண்டுபுடிச்சாங்க."

நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஓடு, துளை, நொறுக்கினது, தலையைப் பிடித்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கும் அதே கண்ணுதான்டி," என்றாள். "நான் முன்னால உக்காந்திருந்தேன். அம்புட்டுதான்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "உன்ன மக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நானும் டீச்சராயி எத்தினி புள்ளைங்க தலைய நிமித்தி வெச்சிருக்கேனோ," என்றாள்.

நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா திரை இப்போதுதான் தொடங்குகிறது, ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, கண்ணாடி வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்றார். என் மகன் நல்லவன்தான், ஆனால் எனக்காக அவனே பேசிவிடுவான். வேணாங்க டாக்டர், இத்தினி வருஷம் அப்டியே பழகிட்டாங்க, இனிமே இன்னா படிக்கப் போறாங்க என்றான்.

பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்ற மாதிரி இருந்தது எனக்கு. இந்தத் தடவை என் தலையை யாரும் பிடித்திருக்கவில்லை.

"எழுதிக் குடுங்கம்மா," என்றேன். "எனக்கு வேணும்."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் இப்படி வாய் திறந்தது இது இரண்டாவது முறை, பள்ளிக்கூடத்தில் முதல் முறை திறந்தபோது அவன் பிறக்கவே இல்லை.

கண்ணாடி தயாரானதும் மறுபடி போய் வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்குத் திரும்புகிற வழியில் ரயில் கேட் போட்டிருந்தது. ஷேர் ஆட்டோ நின்றது. அப்பா அன்றைக்கு நின்ற அதே கேட். தந்திக் கம்பி போய்விட்டது. இப்போது ரயிலுக்கான கரண்டுக் கம்பி. நேராக உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். கம்பி கம்பியாகவே இருந்தது. கரிச்சான் ஒன்று உட்கார்ந்திருந்தது, வால் பிளந்து.

என் வயதுக்காரர்களே, வயதாகிவிட்டது, பழகிவிட்டது, இனி எதற்கு என்று உங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். கேட்காதீர்கள். போய்ப் பாருங்கள். உங்களில் எத்தனை பேருக்கு என் கண் இருக்கிறதோ. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் சிரித்தீர்களோ என்னவோ. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்த்தால் தலையைத் தொடாதீர்கள். முன்னால் கொண்டுவந்து உட்கார வையுங்கள். அப்புறம் ஒரு நல்ல கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கரிச்சான் பறந்தது. ரயில் வந்து போனது. கேட் தூக்கினார்கள். நான் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"இன்னாம்மா?" என்றான் மகன். "அதான் கண்ணாடி போட்டாச்சே. இன்னும் ஏன் சாய்ச்சிக்கினு?"

"கண்ணு தெரியாம சாய்க்கல," என்றேன். "என் தலைடா அது."